தலைக்கு மேல் ஒரு யோசனை

லண்டன் எட்மண்டனில் இவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஜூலை வெயிலிலும் தொப்பி போட்டிருப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடுவார். ஃபோர் ஸ்ட்ரீட்டில் 149ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், கமராக் காட்சி ஓடும் திரை கண்ணில் படாத இருக்கையாகத் தேடுவார். அந்தப் பாழாய்ப்போன கமரா ஆளின் முகத்தை விட்டுவிட்டு உச்சந்தலையைத்தான் காட்டும். சூப்பர்மார்க்கெட்டில் நாமே காசு கட்டிவிட்டுப் போகும் மெஷின்கள் வரிசையாகச் சும்மா நிற்க, இவர் மட்டும் பாணும் பாலுமாகக் காசாளரின் நீண்ட வரிசையில் நிற்பார். மெஷினுக்கு மேலேயும் ஒரு கமரா இருக்கிறதே!

வயது 23க்கும் 30க்கும் நடுவில். படிப்பு, வேலை, கார் எல்லாம் ஒழுங்கு. இவரை வழுக்கைத் தலையர் என்று எண்ணிவிடாதீர்கள். வழுக்கை விழுந்து முடிந்தவர் நிம்மதியான மனிதர், சீப்பை மறந்தவர். முடி நட்டுக்கொண்டு வந்தவரும் வேறு. இவர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். நடலாமா என்று யோசிக்கிறார். பல்கலைக்கழகத்தில் தொடங்கிய யோசனை, இரண்டு வேலை மாறியும் முடியவில்லை.

இவருடைய தொலைபேசியில் சொந்த முகத்தைவிடச் சொந்த உச்சியின் படங்கள் அதிகம். முன்நெற்றி, இடது பொட்டு, வலது பொட்டு, உச்சி. ஒவ்வொன்றும் திகதி வாரியாக, குளியலறை வெளிச்சத்தில் ஒருமுறை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை. ஜன்னல் வெளிச்சத்தில் நம்பிக்கை பிறக்கும். குளியலறை விளக்கு அதைக் கெடுக்கும்.

தன் நிலையை எண்ணில் சொல்வது இவருடைய சிறப்பு. ஆண்களின் வழுக்கையை ஏழு கட்டங்களாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. 1951இல் ஹமில்டன் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்தார். 1975இல் நோர்வூட் என்ற மருத்துவர் திருத்தினார். பேர் நோர்வூட்டுக்கே நிலைத்துவிட்டது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் இவர், "நான் இப்ப நோர்வூட் மூண்டிலை நிக்கிறன்" என்று பெருமூச்சு விட்டார். அப்பா புட்டை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நோர்வூட்டிலை வீடு பாக்கிறியோ? அது குரொய்டன் பக்கமெல்லோ! எங்களை விட்டிட்டு ஏன் அவ்வளவு தூரம்?"

அம்மாவின் நோயறிதல் வேறு: "எல்லாம் இந்த ஊர்த் தண்ணியாலைதான்." லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்தான், கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்த தாத்தாவின் படம் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. தாத்தாவின் தலையில் பட்ட வெளிச்சம் இன்னும் கண்ணைக் கூசவைக்கிறது. தண்ணீரை விட்டால் அடுத்தது பரம்பரைச் சண்டை. "உங்கடை ஆக்கள்" என்று அம்மாவும், "உன்ரை அண்ணன்மாரைப் பார்" என்று அப்பாவும். விஞ்ஞானம் தீர்ப்பை இரண்டு பக்கத்துக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறது: தாய் வழியும் உண்டு, தந்தை வழியும் உண்டு. டெஸ்டோஸ்டெரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹோர்மோன், பிறவியிலேயே அதைத் தாங்க முடியாத வேர்களை மெல்ல மெல்லச் சுருக்கிவிடுகிறது. நல்லெண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றால் இவர் தலையைக் கொடுத்துவிடுவார். யோசிப்பவன் எந்தக் கதவையும் மூடுவதில்லை.

கோயிலுக்கு வருவதை மட்டும் குறைத்துக்கொண்டார். நாகபூசணி அம்பாள் மேல் ஒரு குறையும் இல்லை. உள்ளே தொப்பியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். இவர் நாத்திகராகிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. அதை மறுக்காமல் இருப்பதே மலிவு என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

கணக்கு என்றதும் எக்செல் தாளைச் சொல்லாமல் விட முடியாது. பிரித்தானிய அரசு மருத்துவச் சேவை வழுக்கையை அழகுச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டது, இலவசமாக நடாது. தனியாரிடம் போனால் 1,000 பவுணிலிருந்து 30,000 பவுண்வரை ஆகலாம் என்று அதே சேவையின் இணையப் பக்கம் எச்சரிக்கிறது. வேனும் வாங்கலாம், வீட்டுக்கு முற்பணமும் கட்டலாம் என்ற மாதிரியான விலைப்பட்டியல். அதனால் இஸ்தான்புல். ஹோட்டல், விமான நிலையக் கார், சிகிச்சை எல்லாம் சேர்த்து ஒரு விலை. எட்மண்டன்காரருக்கு இஸ்தான்புல் அந்நிய ஊரே இல்லை. ஃபோர் ஸ்ட்ரீட்டில் தடுக்கி விழுந்தால் துருக்கி சலூன்தான். காது மயிரை நெருப்பால் பொசுக்கும் அந்த நாவிதர், கண்ணாடிக்குள் இவருடைய உச்சியை ஒரு கணம் பார்ப்பார். பிறகு மெதுவாக, தனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பதாகச் சொல்வார். எல்லா நாவிதருக்கும் அங்கே ஒருவர் இருக்கிறார்.

தொகையைக் கேட்ட அப்பா சொன்னது இது:

"நான் முழு ஆள் யாழ்ப்பாணத்திலையிருந்து லண்டன் வந்து சேர ஏஜென்சிக்குக் கட்டின காசு உது. உனக்குப் பின்னந்தலையிலையிருந்து முன்னந்தலைக்கு வர அவ்வளவோ?"

சிகிச்சையின் சூட்சுமமே அந்தச் சிறு பயணந்தான். பின்னந்தலை வேர்களை டிஎச்டி அசைப்பதில்லை. அவற்றை முன்னால் கொண்டுபோய் நட்டாலும் பழைய குணத்தோடேயே வளரும் என்பதை நியூயோர்க் மருத்துவர் நோர்மன் ஓரன்ட்ரைக் 1950களில் காட்டினார். எங்கே போனாலும் ஊர்ச் சங்கம் வைத்துக்கொள்ளும் நம்மாட்களைப் போன்ற வேர்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான துளையிட்டு ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பதுதான் இப்போது பரவலான முறை. ஒரு கொத்தில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். இதையெல்லாம் இவர் டாக்டரைவிட விளக்கமாகச் சொல்வார். 2011இல் கால்பந்து வீரர் வெயின் ரூனி 25 வயதில் முடி நட்டதை ஒளிக்காமல் ட்விட்டரில் அறிவித்ததையும் சொல்வார். "ரஜினி வழுக்கைத் தலையோடை வெளியிலை வாறாரே" என்று யாராவது ஆறுதல் சொன்னால், "அவர் ரஜினி அண்ணை" என்று பேச்சை முடித்துவிடுவார். நியாயந்தான்.

எட்மண்டன் என்ற பெயரை ஆங்கில இலக்கியத்தில் பரப்பியவர்களில் ஒருவர் தலையில் இருந்ததைப் பறிகொடுத்த மனிதர் என்பது இவருக்குத் தெரியாது. 1782இல் வில்லியம் கூப்பர் எழுதிய வேடிக்கைப் பாட்டின் நாயகன் ஜோன் கில்பின், துணி வியாபாரி. கலியாண நாளைக் கொண்டாட மனைவி பிள்ளைகளை வண்டியில் எட்மண்டன் பெல் விடுதிக்கு அனுப்பிவிட்டு, இரவல் குதிரையில் பின்னால் வருகிறார். குதிரை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. வழியில் தொப்பி போயிற்று, டோப்பாவும் போயிற்று. மனைவி மாடியிலிருந்து கூப்பிடக் கூப்பிட, எட்மண்டனில் நிற்காமல் வேயர் என்ற ஊர்வரை ஓடுகிறது குதிரை. அங்கே குதிரைக்காரச் சிநேகிதர் இரங்கித் தன் தொப்பியையும் டோப்பாவையும் கொடுக்கிறார். திரும்பும் வழியில் அவையும் பறந்துவிடுகின்றன. இருநூற்று நாற்பது வருடங்களுக்குப் பிறகும் இந்த ஊரில் தலைக்குமேல் இருப்பது நிலைக்கவில்லை.

இவ்வளவு யோசித்தவர் கடைசியில் லண்டனிலேயே ஒரு நல்ல டாக்டரிடம் போனார். இவர் எதிர்பார்த்தது திகதி. டாக்டர் கொடுத்தது ஒரு சொற்பொழிவு. இருபதுகளில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று முன்னால் நட்டால், நட்டது நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து பின்வாங்கும். நாற்பதில் நெற்றியில் ஒரு தீவும் அதற்குப் பின்னால் கடலுமாக இருக்கும். பின்னந்தலையில் எடுக்கக்கூடிய வேர்களுக்கும் எல்லை உண்டு. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. ஆகவே முதலில் மருந்து, பிறகு பார்க்கலாம் என்றார். மினொக்சிடில், ஃபினாஸ்டெரைட். முதலாவது இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. குடித்தவர்களுக்குக் கண்ட இடமெல்லாம் முடி முளைத்ததால் தலைக்கு ஏறியது. இரண்டாவதின் பக்கவிளைவுத் தாளில் ஆண்மைக் குறைவு, மனச்சோர்வு என்று வாசித்ததும் இவருக்குப் புதிய யோசனை ஒன்று தொடங்கிவிட்டது. அந்த யோசனைக்குத் தனி எக்செல் தாள்.

ஆக, ஊரே கோழைத்தனம் என்று சிரித்த இந்த இழுபறிதான், இந்த வயதில் மருத்துவம் சொல்லும் புத்தி. இவருக்கு முன்னே துணிந்து இஸ்தான்புல் போன நண்பர் கறுப்புப் பட்டியும் வீங்கிய நெற்றியுமாக வந்து இறங்கினார். "கிரிக்கெட் பந்து பட்டிட்டுது" என்று அவருடைய அம்மா சொந்தக்காரருக்குச் சொன்னார். சில வாரங்களில் நட்ட முடி கொட்டியது. அது வழக்கந்தான், மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்கும், முழு விளைச்சலுக்கு ஒரு வருடமாவது ஆகும். ஆனால் அந்தச் சில மாதங்களில் அவரைப் பார்த்தவர்கள், பந்து மிகவும் வேகமாக வந்திருக்க வேண்டும் என்றே நினைத்தார்கள்.

யோசிக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். 25 ஆகவில்லையென்றால் இன்னும் யோசியுங்கள். இங்கே செய்வதென்றால், டாக்டர்களைப் பதியும் ஜிஎம்சியில் டாக்டரின் பெயரும், மருத்துவ நிலையங்களைக் கண்காணிக்கும் சிகியூசியில் கிளினிக்கின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்; பார்ப்பது இலவசம். இஸ்தான்புல் என்றால், உங்கள் தலையில் துளையிடப்போவது டாக்டரா, வேறு யாராவதா என்று விமானச் சீட்டு எடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மாமிமாருக்கும் ஒரு விண்ணப்பம். கலியாண மண்டபத்தில் இவரைக் கண்டால் கண்ணை நெற்றிக்கு மேலே ஏற்றாமல், வேலை எப்படி என்று கேளுங்கள். பெண் வீட்டாருக்கு அனுப்பும் படம் மட்டும் பல்கலைக்கழக முதல் வருடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டாம்.