சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்

பச்சிளம் பிள்ளைகளுக்காக வாதாட விரும்புவோர் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டாம். ஈப்போவை ஒட்டிய லகாட் போதும். அங்கே புக்கிட் மேரா இருக்கிறது.

1982-இல் வந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை, அரிய மண் தனிமங்களை எடுத்துக்கொண்டு, கதிரியக்கத் தோரியக் கழிவை ஊருக்கு விட்டுவைத்தது. 1985-இல் ஊர்க்காரர் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக மீனாட்சி ராமன் வாதாடினார். டாக்டர் ஜெயபாலன் ஊராரின் உடல்நிலையை ஆராய்ந்தார். கனடாவிலிருந்து நிபுணர் ரோசலி பெர்ட்டல் சாட்சி சொல்ல வந்தார். கம்பெனியும் தன் பங்குக்கு நிபுணர்களை இறக்கியது.

1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. வழக்குப் போட்ட ஆண்டில் பிறந்த பிள்ளை அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்திருக்கும்.

1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைக் கவிழ்த்தது. கம்பெனியின் நிபுணர்களே நம்பத்தக்கவர்களாம். மூடினால் கம்பெனிக்கும் அதன் 183 தொழிலாளர்களுக்கும் கஷ்டமாம். பாவம், அந்தக் கழிவோடு வளர்ந்த பிள்ளைகளிடம் காட்டுவதற்குச் சம்பளச் சீட்டு ஏது?

ஜெயித்த கம்பெனி, அடுத்த மாதமே தானாக ஆலையை மூடிக்கொண்டது. பிறகு, ஆபத்தில்லை என்று சாதித்த அதே இடத்தைத் துப்புரவாக்க, அதன் பங்குதாரரான மிட்சுபிசி கெமிக்கல் ஒதுக்கிய தொகை சுமார் 10 கோடி அமெரிக்க டாலர்.