ஆவணியில வந்து பாரும், தம்பி

தம்பி, நீர் கொண்டு வந்த ரவுண் திட்ட வரைபடம் வலு வடிவு. குளத்துக்கு நீலம், ரவுணுக்கு மஞ்சள், காட்டுக்குப் பச்சை. எங்கட வயலுக்கு வரேக்க மட்டும் மை முடிஞ்சு போச்சோ, வெறும் வெள்ளையாக் கிடக்கு. அதுவும் நல்லதுதான். நாளைக்கு ஒருத்தர் பாத்திட்டு, "அட, காலிக்காணி" எண்டு அதிலயும் ஒரு வீட்டுத்திட்டத்தைக் கீறலாம்.

ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். இந்தக் குளத்தை நீர் எப்ப வந்து பாத்தனீர்? தையிலயோ? நினைச்சன். தை மாதத்துக் குளம் கலியாணப் புறோக்கர் காட்டுற படம் மாதிரி. பொய்யில்லை, ஆனால் எடுத்த நாள் அப்பிடி. ஆவணியில வாரும். முத்தையன்கட்டுக் குளக்கட்டில ஏறி நிண்டால் சோளகம் புழுதியை அள்ளிக் கண்ணுக்குள்ள போடும். துருசடியில தண்ணி அளக்கிற அடிக்கோல் கீழ் இலக்கம் வரைக்கும் வெளியில தெரியும், காஞ்ச பாசி அதில செதில் செதிலா ஒட்டிக் கிடக்கும். தையில அலை அடிச்ச இடத்தில மாடு மேயும். நடுவில மினுங்குறதைப் பாத்து "இன்னும் கிடக்குத்தானே" எண்டு சொல்லுவீர். கிடக்குத்தான். துருசு வாய்க்குக் கீழ கிடக்கிறது வாய்க்காலுக்கு ஏறாது, ராசா. அது கொக்குக்கும் சேத்துக்கும் உள்ள பங்கு. உம்மட கணக்கில அதையும் சேத்து ரவுணுக்கு எழுதி வைச்சிருக்கு.

இரணைமடுக் கதை உமக்குத் தெரிஞ்சிருக்கும். 1902இல வெள்ளைக்காரன் வேலை தொடங்கின குளம். பேந்து பேந்து கட்டை உயர்த்தி, கடைசியா 34 அடியை 36 அடி ஆக்கிச்சினம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் பிறந்து, எங்கட முல்லைத்தீவுக் காட்டுக்குள்ளால வந்து, அங்க குளமாகி, மிச்சம் சுண்டிக்குளத்தில போய் விழுது. மழை எங்கட காட்டில, குளம் கிளிநொச்சிக்கு, குழாய் யாழ்ப்பாணத்துக்கு எண்டு ஒரு திட்டம் வந்துது. ஆசிய அபிவிருத்தி வங்கியின்ர காசு. நாளுக்கு 27,000 கனமீற்றர். எங்களுக்கு என்ன வேலை எண்டு கேட்டன். திறப்பு விழாவில கைதட்டலாம் எண்டாங்கள்.

படிச்ச பிள்ளையள் கணக்குக் காட்டினவை. வருசம் முழுக்க எடுத்தாலும் ஒரு கோடிக் கனமீற்றருக்குக் கிட்டத்தானாம். குளம் நிரம்பினால் 13 கோடிக்கு மேல நிக்குமாம். பதின்மூண்டில ஒண்டைக் குடுக்க ஏன் கமக்காரர் குத்தி முறியினம் எண்டு கேட்டவை. கணக்குச் சரிதான். "நிரம்பினால்" எண்ட ஒரு சொல்லிலதான் குளம் முழுக்க ஓடிப் போகுது. நிரம்பாத வருசத்தில ரவுணுக்காரன் குளிக்காமல் இருப்பானோ? அவனுக்கு வரட்சியிலதான் கூடத் தண்ணி வேணும். பதின்மூண்டில ஒண்டு அப்ப மூண்டில ஒண்டாகும், கேள்வி கேட்டவை கொழும்பில நிப்பினம்.

கமக்காரர் மறிச்சினம். கடைசியில அதுக்குப் பதிலா யாழ்ப்பாணத்துக்கெண்டு தாளையடியில கடல்தண்ணியை நல்லதண்ணி ஆக்கிற ஆலை வந்துது, நாளுக்கு 24,000 கனமீற்றர், 2024 ஆகஸ்டில திறந்தது. எனக்குச் சந்தோசம். கடல்தண்ணி வித்தை எங்களுக்கொண்டும் புதுசில்லைப் பாரும். சிலாவத்தைக் கடலில அள்ளின தண்ணியிலதான் வைகாசிப் பொங்கலுக்கு எங்கட வற்றாப்பளை அம்மனுக்கு விளக்கெரியிறது. ஆனால் அம்மன் அதுக்குக் கரண்ட் பில் அனுப்பிறேல்லை. தாளையடிக்காரருக்கு மாதம் முடிய வரும்.

ஆறுமுகம் எண்டு ஒரு நீர்ப்பாசன எந்திரி இருந்தவர். 1950களில, "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" எண்டு திட்டம் போட்டவர். இரணைமடுவுக்குள்ள கை வைக்கேல்லை. வான் பாஞ்சு கடலுக்குப் போறதை ஆனையிறவுக் கடலேரியில மறிச்சு நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால வடமராட்சிப் பக்கம் விடுறது. எங்கட சட்டிக்குள்ள கை போடாமல், வழிஞ்சதை ஏந்தப் பாத்த மனுசன் அவர். வாய்க்கால் அரைகுறையில நிண்டு போச்சு. நல்ல யோசினை எண்டால் எங்கட நாட்டில அப்பிடித்தான் பாதுகாக்கிறது.

ரவுண் வளர வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. என்ர பேத்தியும் ரவுணிலதான், குழாயைத் திறந்து விட்டிட்டுத்தான் பல்லு மினுக்குவாள். நான் வாளியைக் காட்டினால் "அப்பு, இது குழாய்த்தண்ணி, கிணத்துத்தண்ணி இல்லை" எண்டுவாள். நீரும் அப்பிடித்தான் நினைக்கிறீர் போல. பெரிய தாங்கி ஒண்டு கட்டினால் தண்ணி வந்திடும் எண்டு. கிளிநொச்சியில சண்டைக்குள்ள விழுந்த தாங்கியைச் சண்டை முடியச் சனம் பஸ் பஸ்ஸா வந்து பாத்துப் படமெடுத்துது. அவ்வளவு ஆக்கள் ஒருநாளும் குளத்தைப் படமெடுக்க வரேல்லை.

சென்னையைப் பாரும். 2015 மார்கழியில செம்பரம்பாக்கத்து ஏரியைத் திறந்து விட்டு அடையாத்துக் கரையெல்லாம் வெள்ளம். 2019இல அதே ஏரி வெடிச்சுக் கிடக்க, ஜோலார்பேட்டையில இருந்து ரயிலில தண்ணி போச்சு. நாலு வருசம்தான் இடையில. நாங்களும் சளைச்ச ஆக்களில்லை: 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறக்க வீட்டுக்குள்ள வெள்ளம், அதுக்கு முந்தின வருசம் பவுசருக்குப் பின்னால வாளியோட ஓட்டம். வெள்ளத்துக்கு ஒரு கந்தோர், வரட்சிக்கு இன்னொரு கந்தோர். ரெண்டும் ஒண்டோட ஒண்டு கதைக்கிறேல்லை. வவுனியாக்காரர் அந்தக் கரைச்சலே வேண்டாமெண்டு குளத்துக்குள்ள மண்ணைப் போட்டுப் பூங்கா ஆக்கிச்சினம். குளம் இல்லாட்டி வத்தவும் மாட்டாது.

சரி, புத்தி கேட்டனீர், சொல்லுறன். சித்திரை வர முந்தி சிறுபோகக் கூட்டம் எண்டு ஒண்டு வைக்கிறது. அரசாங்க அதிபர் நடுவில, நீர்ப்பாசன எந்திரி பக்கத்தில, கமக்காரர் அமைப்புக்காரர் முன்னுக்கு. குளத்தில இத்தினை அடி நிக்கு, இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம், இன்ன தேதிக்குத் துருசு திறக்கும், இன்ன தேதியோட பூட்டும். தண்ணி குறைஞ்ச வருசம் பங்கைக் குறைப்பினம். பத்து ஏக்கர்க்காரன் ரெண்டு ஏக்கரோட வீட்ட போவான். பேசிப்போட்டுத்தான் போவான், ஆனால் போவான். அவனுக்கு அடுத்த காணிக்காரனும் அப்பிடித்தான் போறான்.

அந்தக் கூட்டத்தில ரவுணுக்கு ஒருநாளும் கதிரை போட்டதில்லை. ரவுணின்ர பங்கு முதலே ஒப்பந்தத்தில எழுதி, கையெழுத்தும் வைச்சு முடிஞ்சிடும். மிச்சத்தைத்தான் நாங்கள் பிரிக்கிறது. அதை மாத்தி எழுதும். குளம் இத்தினை அடிக்கு இறங்கினால் ரவுணுக்கு இவ்வளவு, அதுக்கும் கீழ இறங்கினால் இவ்வளவு எண்டு படியாப் போடும். பூந்தோட்டத்துக்கு எந்த அடியில நிப்பாட்டுறது, கார் கழுவுறதுக்கு எந்த அடியில நிப்பாட்டுறது, ஹோட்டல்காரன் எப்ப சொந்தமாப் பவுசர் பிடிக்கிறது, எல்லாத்தையும் தையிலயே எழுதி வையும். ஆவணியில எழுத வெளிக்கிட்டால் கை நடுங்கும், மந்திரியும் ரெலிபோன் எடுப்பார்.

பேந்து கூட்டத்துக்கு நீரே ரவுணுக்காக வந்து குந்தும். வெள்ளணவே வாரும், பின்னால ஒளிச்சிருக்க விடமாட்டம். முன்வரிசையில எங்களோட இருந்து, "எங்கட ரவுணுக்கும் இந்த முறை அரைப் பங்குதான்" எண்டு நீர் எழும்பிச் சொல்ல வேணும். நீர் சொல்லுற வடிவைப் பாக்க நானும் வருவன்.