பென் டிரைவ் செருகு படலம்

கோவளத்துக்கென்று சில பெருமைகள் உண்டு. 1752இல் ராபர்ட் கிளைவ் இங்கிருந்த கோட்டையைப் பிடித்தார். 2021இல் எங்கள் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சனி, ஞாயிறுகளில் ஓ.எம்.ஆர். ஐ.டி. பிள்ளைகள் கும்பலாக வந்து, காசு கொடுத்து, சர்ஃபிங் பலகையிலிருந்து கடலில் விழுந்துவிட்டுப் போகிறார்கள். இத்தனைக்கும் நடுவில், ஈ.சி.ஆருக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், லினக்ஸ் கம்ப்யூட்டரில் பென் டிரைவைத் திறக்கப் போராடிக்கொண்டிருக்கும் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தியும் இருக்கிறாள். கிளைவுக்குக் கோட்டைக் கதவு திறந்த வேகத்தில் எனக்கு ஒரு ஃபோல்டர்கூடத் திறந்ததில்லை.

லினக்ஸைத் திட்டுவதற்கு முன்னால் ஊரைக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். உப்புக்காற்றுக்குத் தப்பிய இரும்பு இங்கே கிடையாது. ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர் செயின், கேட்டில் தொங்கும் பூட்டு, அந்தப் பூட்டின் சாவி என்று எல்லாமே முறை வைத்துத் துருப்பிடிக்கும். யு.எஸ்.பி. துளைக்குள் இருக்கிற நாலு மெல்லிய பட்டை எம்மாத்திரம்? கடலோரத்துக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் பென்சில் ரப்பர். பென் டிரைவின் வாயில் மினுங்கும் பட்டைகளை ரப்பரால் நாலு இழுப்பு இழுத்து, துகளைத் துணியால் துடைத்துவிட்டுச் செருக வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் பட்டால் இன்னும் கெடும். காலமெல்லாம் பிள்ளைகளின் நோட்டில் தப்பை அழித்த கைக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை.

ரப்பர் போட்டும் வேலை செய்யவில்லையென்றால் ‘டிமெஸ்ஜி’ என்று டைப் அடித்துப் பார்க்க வேண்டும். லினக்ஸின் மூளையான கெர்னலின் டைரி அது. யார் வந்தார்கள், எந்த வாசலில் நின்றார்கள், என்ன பேசினார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கும். உப்பேறிய பென் டிரைவைச் செருகினால் ‘எரர் மைனஸ் 71’ என்று ஒரு வரி வரும். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை என்பது அதன் பொருள். அதை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், “இதுக்கெல்லாமா நம்பர் போட்டு வெச்சிருக்காங்க?” என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

இந்த லினக்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது குரோம்பேட்டையில் இருக்கும் அக்கா மகன் வழியாக. பழைய லேப்டாப் முக்கி முனகிக்கொண்டிருந்தபோது, “சித்தி, லினக்ஸ் போட்டுத் தரேன். வைரஸே வராது” என்றான். சொன்ன சொல் தவறவில்லை. வைரஸ் வரவில்லை. கூடவே பென் டிரைவும் வரவில்லை.

அவன் மேல் தப்பில்லை, நாங்கள் இருக்கும் வட்டாரம் அப்படி. 2005இல் அந்தக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில்தான், ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தில், லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கினார்கள். 2007இல் மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து ‘பாஸ்’ என்கிற இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவன நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தன் அலுவலகத்தை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய, மாணவர்களுக்கான அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஜோடியாக வந்தன. ஆன் செய்தவுடன் இரண்டு வாசல் காட்டும், எதில் வேண்டுமானாலும் நுழையலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் சினிமாவும் கேமும் இருந்த வாசலில் நுழைந்துவிட்டார்கள். அவர்கள் சீண்டாத வாசலில் அவர்களுடைய டீச்சர் போய் மாட்டிக்கொண்டாள்.

விண்டோஸில் பென் டிரைவைச் செருகினால் ஈ என்றோ எஃப் என்றோ ஓர் எழுத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிடும். லினக்ஸில் அப்படித் தனித்தனி எழுத்தெல்லாம் இல்லை. மொத்தமும் ஒரே மரம். புதிதாக எது வந்தாலும் அந்த மரத்தில் ஏதாவது ஒரு கிளையில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதற்குப் பேர் மவுண்ட். இந்த ஏற்பாட்டின் வேர் 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் இருக்கிறது. அலமாரி அளவு மெஷின் ஒன்று, அதைப் பங்கு போட்டுக்கொள்ளப் பல பேர். கண்டவன் வந்து கண்ட டிஸ்க்கை மாட்டினால் நாடு தாங்காது, ஆகவே மாட்டும் உரிமை நிர்வாகிக்கு மட்டும் என்று வைத்தார்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் சட்டம் மெஷினோடு சேர்ந்து சுருங்கி, பல பேர் என்பது ஒரே ஒரு டீச்சராகித் தேய்ந்து, அவளுடைய சாப்பாட்டு மேஜைக்கு வந்த பிறகும் சட்டம் சட்டமாகவே இருக்கிறது.

லேப்டாப் இன்னும் வேகமாக ஓடட்டும் என்று அக்கா மகன் கனமான டெஸ்க்டாப்பைக் கழற்றிவிட்டு, லேசான ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். ஆன் செய்ததும் கறுப்புத் திரை வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று அடித்தால்தான் படம் தெரியும். பென் டிரைவைச் செருகினேன். ஐகான் வந்தது. அழுத்தினேன். ‘நாட் ஆத்தரைஸ்டு’ என்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அதையே சொன்னது. அதன் குரலில் கோபமோ வருத்தமோ இல்லாததுதான் எனக்கு எரிச்சல்.

காரணத்தைத் தேடியபோது சிறுசேரியில் என் தங்கை குடியிருக்கும் அடுக்குமாடி வாட்ச்மேன் ஞாபகத்துக்கு வந்தார். மெயின் கேட்டில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் அவர் சல்யூட் அடிப்பார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி, கார் நிறுத்துமிடத்து லிஃப்ட் வழியாக ஏறிவிட்டேன். திரும்பும்போது, “நீங்க உள்ளயே வரலியேம்மா, அப்புறம் எப்படி வெளிய போவீங்க?” என்று மறித்தார். தீபாவளிக்குத் தீபாவளி நான் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொள்கிற மனிதர்! லினக்ஸில் பாலிசிகிட் என்று ஒருவர் இருக்கிறார், இதே ஜாதகம். பென் டிரைவைத் திறக்கச் சொல்வது கம்ப்யூட்டருக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளா, எங்கிருந்தோ நெட்வொர்க் வழியாக நுழைந்த ஆளா என்று நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். அலங்காரமான லாகின் திரை வழியாக வந்தால் நோட்டில் பெயர் ஏறியிருக்கும், உடனே விடுவார். என் பழைய லினக்ஸில் கறுப்புத் திரை வழியாக வந்தவர்களுக்குப் பெயர் ஏறவில்லை. ஆக நான் என் வீட்டில், என் நாற்காலியில், என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்கு ஆதாரம் இல்லை. அக்கா மகன் ஃபோனிலேயே ஸ்டார்ட்எக்ஸுக்கு முன்னால் ஒரு கட்டளையைச் சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன். நான் வீட்டில் இருப்பது ஊர்ஜிதமானது.

இதைவிட விசேஷம் நம்பர் விவகாரம். லினக்ஸுக்கு மனிதர்களின் பெயர் ஒரு பொருட்டே அல்ல, எல்லாரையும் நம்பரால்தான் அறியும். டெபியன், உபுண்டு வகையறாவில் முதலில் கணக்குத் திறப்பவருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. லினக்ஸ் முறைப்படி ஃபார்மட் செய்த டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலின் நெற்றியிலும் உரிமையாளரின் நம்பர் ஒட்டியிருக்கும். பெயர் ஒட்டியிருக்காது. இதன் விளைவு என்ன தெரியுமா? உலகத்தில் தன் லேப்டாப்பில் தானே உபுண்டு போட்டுக்கொண்ட எல்லாருமே 1000தான்.

எதிர்வீட்டுப் பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பிராஜெக்ட் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து, “டீச்சர், உங்ககிட்டயும் லினக்ஸ்தானே, ஒரு தடவை ஓப்பன் ஆகுதான்னு பாருங்களேன்” என்றான். ஓப்பன் ஆனது. ஓனர் என்ற இடத்தில் என் பெயர். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “டீச்சர்! என் பிராஜெக்ட் உங்க பேர்ல இருக்கு!” அவன் அங்கே 1000, நான் இங்கே 1000. மெஷின் லேர்னிங் பற்றிய பிராஜெக்டாம். அதில் எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் ஒரு நிமிஷம் உரிமையாளராக இருந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் கதை இதற்கு நேர் எதிர். அதே லேப்டாப்பில் எனக்கு அடுத்ததாகக் கணக்குத் திறந்ததால் அவர் 1001. பழைய பாட்டுகளைச் சேர்த்து வைக்க ஒரு பென் டிரைவ் வாங்கிவந்தார். அக்கா மகன் அதையும் லினக்ஸ் முறைப்படி ஃபார்மட் செய்து என் கணக்கிலிருந்து ஃபோல்டர்கள் போட்டுக் கொடுத்துவிட்டான். அவர் தன் கணக்கில் நுழைந்து ஒரு பாட்டைப் போடப் பார்த்தார். ‘பெர்மிஷன் டினைடு.’ எதிர்வீட்டுப் பையனுக்கு என் சொத்தில் சர்வ சுதந்திரம், தாலி கட்டியவருக்கு அனுமதி இல்லை.

“நான் வாங்கின பென் டிரைவ்” என்றார்.

“ஆமாங்க, ஆனா நம்பர் என்னோடது.”

“அப்போ என்னை ஆயிரம் ஆக்கு.”

“அப்புறம் நான் யாரு?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரேஷன் கார்டுலதான் உன்னைக் குடும்பத் தலைவியாப் போட்டாச்சே, இதுலயுமா?” என்றார். அதற்கு ‘சோன்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, உரிமையை மாற்றி எழுதிவிடலாம் என்று எனக்குத் தெரியும். உடனே செய்துவிடவில்லை. அந்த ஒரு வாரம் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை எதற்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் பையன்கள் கொண்டுவரும் தலைவலி வேறு ரகம். தண்ணீரில் முங்கும் சின்னக் காமிராக்களில் 64 ஜி.பி. மெமரி கார்டு போட்டுப் படம் பிடிக்கிறார்கள். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் ஆகி வர வேண்டும் என்பது விதி. 2006இல் வந்த அந்த முறை மைக்ரோசாஃப்டின் காப்புரிமையில் இருந்ததால், பல வருஷம் லினக்ஸ் கெர்னலுக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்டது. அந்த நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் எக்ஸ்ஃபேட் நுழைந்தது. என் லேப்டாப்பில் இருந்ததோ அதற்கு வெகுகாலம் முந்தைய கெர்னல். ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்று கையை விரித்தது. பையன் ஈரத் தலையோடு வாசலில் நின்றுகொண்டு, “இதுல கஸ்டமர் வீடியோ இருக்கு டீச்சர், சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்” என்றான். ஒரு பேக்கேஜ் இறக்கிப் போட்டதும் திறந்தது. முப்பது வீடியோ இருக்கும். அத்தனையிலும் ஒரே மனிதர், ஒரே விழுகை.

கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரரின் ஹார்டு டிஸ்க் விஷயத்தில் மட்டும் நான் லினக்ஸின் கட்சி. மகள் கல்யாணம் முடிந்து மாதக்கணக்கில் நடையாய் நடந்து வாங்கிவந்த டிஸ்க் அது. செருகினால், விண்டோஸ் உறங்குகிறது, மவுண்ட் செய்ய மாட்டேன் என்றது லினக்ஸ். ஸ்டுடியோவுக்கு ஃபோன் போட்டேன். “நான் ஷட்டவுன் பண்ணிட்டுத்தாம்மா கழட்டினேன்” என்று சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை, விண்டோஸ்தான் சொன்னது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழுந்திருப்பதற்காக, ஷட்டவுன் என்றால் முழுதாக அணையாமல் பாதி நினைவைச் சேமித்துவைத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறது. டிஸ்க்கின் கணக்கு வழக்கு முடியாமல் திறந்தே கிடக்கும். அதில் வேறொருவர் கை வைத்தால் மொத்தமும் நாசமாகலாம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். இது செத்ததுபோல் நடித்துக்கொண்டு தூங்குகிற கேஸ். ஸ்டுடியோக்காரர் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் செய்து திருப்பிக் கொடுத்த பிறகு தாலி கட்டும் காட்சியைக் கண்ணால் பார்த்தோம்.

பென் டிரைவைக் கழற்றுவது தனிப் படலம். நூறு ஃபோட்டோவை இழுத்துப் போட்டால் ஒரு நொடியில் முடிந்ததாகக் காட்டும். உண்மையில் எல்லாம் ராமிலேயே நின்றுகொண்டிருக்கும், லினக்ஸ் சாவகாசமாகப் பிறகு எழுதும். நம்பிப் பிடுங்கியவர்களின் ஃபோட்டோவில் தலை இருக்கும், கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம். முறையாக எஜெக்ட் கொடுத்தால் ‘டார்கெட் ஈஸ் பிஸி’ என்று வரும். யார் பிஸி, என்ன பிஸி என்று சொல்லாது.

ஆனால் ஒன்று. காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளுக்குப் போய்வந்த பென் டிரைவ்கள், வைரஸ் பிடித்து, ஃபோல்டர் எல்லாம் மறைந்து வெறும் ஷார்ட்கட்டாகத் திரும்பி வரும்போது, தெருவே என் வீட்டு வாசலில்தான் நிற்கும். அந்த வைரஸ் விண்டோஸுக்குத்தான் கண்கட்டு வித்தை காட்டும். என் லேப்டாப்பில் ஒளித்துவைத்த ஃபோல்டர்கள் அத்தனையும் பளிச்சென்று தெரியும். அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஃபீஸ் வாங்குவதில்லை, மீன் கொடுத்தால் மறுப்பதில்லை.

என் வீட்டுக்காரர் இதற்கிடையில் எதிர்வீட்டுப் பையனைப் பிடித்து, என் தயவே இல்லாமல், தன் பென் டிரைவை ஃபேட்32 முறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். அந்தப் பழைய முறையில் உரிமையாளர் என்ற கட்டமே கிடையாது, யார் செருகுகிறாரோ அவரே ஓனர். 1001 என்ற அவமானம் தீர்ந்த குஷியில் பாட்டெல்லாம் ஏற்றினார். அப்புறம் மகள் கல்யாண வீடியோவை இழுத்துப் போட்டார். ஏழு ஜி.பி.க்கு ஒரே ஃபைல். ஃபேட்32இல் ஒரு ஃபைல் நாலு ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. ‘ஃபைல் டூ லார்ஜ்’ என்று வந்து நின்றது. இப்படி ஒரு உச்சவரம்பு இருக்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

“அதனால என்ன, முகூர்த்தம் வரைக்கும் காப்பி பண்ணச் சொல்லு” என்றார். “அதுக்கப்புறம் உங்க அண்ணன் சாப்பிடுறதுதானே வருது.”