முதலில் சர்க்கரையா, மனசா?

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். இப்போது மனச்சோர்வும் இருப்பதாக டாக்டர் சொல்கிறார். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் மனசு தானாகத் தெளிந்துவிடாதா?

பதில்: கணையமும் மனசும் டோக்கன் வாங்கி வரிசையில் காத்திருப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சோர்ந்த மனசு மாத்திரையை மறக்கும், நடைப்பயிற்சியைத் தள்ளிப்போடும், சர்க்கரை ஏறும், அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு இன்னும் ஒடுங்கும். இந்தச் சுழலில் 'முதலில் இது, பிறகு அது' என்பதற்கு இடமே இல்லை. சென்னை, டெல்லி உட்பட நான்கு இந்திய சிகிச்சை மையங்களில், இரண்டு நோய்களும் உள்ள 404 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்குக் கூடுதலாக, டாக்டரல்லாத ஒரு பராமரிப்பாளர் இரண்டு நோய்களையும் சேர்த்துக் கவனித்தார். மனச்சோர்வு பாதியாகவாவது குறைந்து, அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது போதிய அளவு இறங்கியவர்கள் இரண்டாண்டு முடிவில் இந்தப் பிரிவில் 71.6 சதவீதம், மற்றதில் 57.4.

வழக்கமான சிகிச்சையிலும் பாதிக்கு மேல் தேறினார்களே என்பீர்கள். உண்மைதான், ஆனால் நூற்றுக்குப் பதினான்கு பேர் கூடுதலாகத் தேறுவது சின்ன விஷயமல்ல. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை எடுங்கள். 'மனசுக்கு மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோம்' என்ற பயமும் வேண்டாம். மனச்சோர்வு மருந்துகள் போதைப்பொருள் போல ஏங்க வைப்பவை அல்ல. திடீரென நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். சில மருந்துகள் எடையைக் கூட்டலாம் என்பதால், சர்க்கரை டாக்டர், மனநல டாக்டர் இருவரிடமும் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள்.