தண்ணீர் வந்தால் படகுப் போட்டி ரத்து

எங்கள் ஊரில் படகுப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான்: ஆற்றில் தண்ணீர் வந்துவிடக் கூடாது. 1993-இல் வந்துவிட்டது. போட்டியை ரத்து செய்துவிட்டார்கள்.

ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். ஆஸ்திரேலிய வரைபடத்தில் நட்ட நடுவே விரலை வைத்தால் அதற்கடியில் எங்கேயாவது நாங்கள் இருப்போம். தெற்கே அடிலெய்டுக்கு 1,500 கிலோமீட்டர், வடக்கே டார்வினுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகலாம் என்றால்கூட முதல் நாளே பெட்ரோல் நிரப்பி, தண்ணீர் கேன் ஏற்றி, திரும்பி வரும் தேதியைச் சண்டை போட்டவரிடமே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குள் கோபம் ஆறிவிடும்.

மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. நான் கூட வந்த லக்கேஜ். செய்தி கேட்டதும் மதுரையிலிருந்து அம்மா போனில் சொன்னது இது: "ஏன்டா தம்பி, தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்னு இங்க ஆபீசருங்க மிரட்டுவாங்க. நீ என்னடான்னா விசா வாங்கிட்டுப் போற!"

நானும் பயந்துகொண்டுதான் வந்தேன். சனி, ஞாயிறு வந்தால் என்ன செய்வது? கடல் இல்லை. ஊரில் மொத்தமே இருபத்தைந்தாயிரம் பேர் சொச்சம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். இன்றைக்குச் சுவர் எந்த நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வீட்டில் இருந்தால்தானே?

பெரிய நகரங்களில் ஒரு நிகழ்ச்சி என்றால் மேடை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். நடுவில் சவுக்குக் கட்டை. டிக்கெட் எடுத்தோமா, கைதட்டினோமா, பார்க்கிங்கில் வண்டியைத் தேடினோமா என்று முடிந்துவிடும். இங்கே அந்த வசதி கிடையாது. நடத்துகிறவன், ஓடுகிறவன், பொரியல் கடை போடுகிறவன், வேடிக்கை பார்க்கிறவன் எல்லாரும் ஒரே ஆட்கள். ஆள் பற்றாக்குறை. சும்மா நிற்கிறவனைப் பார்த்தால் கையில் எதையாவது கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கொடுத்தது படகு.

ஊர் நடுவே ஓடும் ஆற்றுக்கு டாட் என்று பெயர். 'ஓடும்' என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். நடுவில் பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும். எப்போதாவது வடக்கே கொட்டித் தீர்த்தால் பழுப்பு வெள்ளம் திமுதிமுவென்று வந்து, தென்கிழக்கே சிம்சன் பாலைவனத்துப் பக்கம் போய்க் காணாமல் போகும். மதுரைக்காரனுக்கு இதெல்லாம் புதிதில்லை. வைகை மணலில் கிரிக்கெட் ஆடி, ஆற்றுக்குள்ளேயே சிக்ஸர் அடித்து வளர்ந்தவன் நான். ஆனால் நாங்கள் ஆறு காய்ந்தால் வருத்தப்படுவோம். அழகர் இறங்குவதற்காகவாவது அணையைத் திறந்துவிடுவார்கள். இங்கே காய்ந்தால்தான் திருவிழா.

1962-இல் எங்கள் போட்டியை ஆரம்பித்தவர் ரெஜ் ஸ்மித். இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் தேம்ஸ் நதியில் 1839 முதல் கனவான்கள் கோட்டு போட்டுக்கொண்டு பார்க்கும் படகுப் போட்டி ஒன்று உண்டு. அதை நாமும் நடத்தினால் என்ன என்று கேட்டாராம். அவர் வேலை பார்த்தது வானிலை ஆய்வு அலுவலகத்தில். தண்ணீர் வராது என்பது அவருக்கு உத்தியோக ரீதியாகவே தெரிந்திருக்கிறது.

படகுகளுக்கு அடிப்பாகம் கிடையாது. சுற்றிலும் சட்டம் மட்டும்தான். உள்ளே நின்று சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓட வேண்டும். சொந்தப் படகு செய்து கொண்டுவருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஊரிலிருக்கும் தமிழர்கள் அதில் சேருவது என்று முடிவாயிற்று. முடிவெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதனால் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். மனைவி வந்து "ஏங்க, உங்க வெயிட் எவ்வளவுன்னு கேக்குறாங்க" என்றபோது யாரோ மருத்துவ முகாம் நடத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

தமிழர்கள் கப்பல் கட்டினால் அது சோழர் கப்பலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. மற்ற எல்லாவற்றிலும் எழுந்தது. பாய்க்கு வேட்டியா, பெட்ஷீட்டா? முன்பக்கம் யாளியா, அன்னமா? ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம் எங்களைவிடக் குறைவாக இருந்திருக்கும். கொடியில் புலி வரையும் பொறுப்பை ஒரு பொறியாளர் ஏற்றார். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. போட்டியன்று ஒலிபெருக்கிக்காரர் எங்களை "பூனைப் படகு" என்று அறிவித்தார்.

இந்த மணலில் ஓடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கடற்கரை மணல் மாதிரி கெட்டிப்படாது. பருமணல், கணுக்கால் வரை இழுக்கும். எட்டுப் பேர் ஒரே சட்டத்துக்குள் ஓடும்போது முன்னால் இருப்பவர் வேகம், பின்னால் இருப்பவர் விதி. திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு டிரம் வைத்திருப்பார்கள். அதைச் சுற்ற வேண்டும். "லெஃப்ட்!" என்று ஒருவரும் "சோத்தாங்கை!" என்று இன்னொருவரும் ஒரே நேரத்தில் கட்டளையிட்டதில் சோழர் கப்பல் டிரம்மில் மோதி இரண்டாகப் பிளந்தது. முன்பாதி ஓடிப்போய்விட்டது. பின்பாதியில் இருந்த நாங்கள் மணலில் மூழ்கினோம். எங்களை முந்திக்கொண்டு போனவர்கள் அறுபதைத் தாண்டிய அம்மாக்கள். போகிற போக்கில் ஒருத்தர் என்னைப் பார்த்து "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

கடைசியில் போர். ஜீப்புகளின்மேல் கட்டிய மூன்று கப்பல்கள்: வைக்கிங் ஒன்று, கடற்கொள்ளையர் ஒன்று, கடற்படை ஒன்று. ஒன்றையொன்று சுற்றி வந்து தண்ணீரைப் பீய்ச்சியடித்து, மாவுப் பொட்டலங்களை வீசிக்கொள்ளும். கூட்டத்துக்கும் தாராளமாகப் பங்கு வரும். என் தலையில் விழுந்தது முதல் தர மைதா. ஒரு பொட்டலத்துக்கு எத்தனை பரோட்டா என்று மதுரை மூளை தானாகக் கணக்குப் போட்டது. வசூல் எல்லாம் ரோட்டரி சங்கம் மூலம் நல்ல காரியங்களுக்குப் போகிறது என்பதால் மன்னித்தேன்.

படகு போனால் ஒட்டகம். 1970-இல் இரண்டு நண்பர்கள் பந்தயம் கட்டி இதே ஆற்று மணலில் ஒட்டகம் ஓட்டியதிலிருந்து ஆரம்பித்த போட்டி, இப்போது ஜூலையில் தனி மைதானத்தில் நடக்கிறது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஒட்டகங்களையும் ஓட்டுகிறவர்களையும் கப்பலில் கொண்டுவந்து இந்தப் பாலைவனத்தில் சுமை தூக்க வைத்தார்கள். ஓட்டியவர்களை மொத்தமாக ஆப்கானியர்கள் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதையே சுருக்கி இங்கே வரும் ரயிலுக்கும் 'கான்' என்று பெயர். லாரி வந்ததும் ஒட்டகங்களை அவிழ்த்துவிட, அவை குடும்பம் பெருக்கிக் காட்டில் சுகமாக இருக்கின்றன. போட்டியில் எல்லா ஒட்டகங்களையும் உட்காரவைத்துத்தான் தொடங்குவார்கள். கொடி அசைந்ததும் சில எழுந்து ஓடும். சில பின்பக்கமாக ஓடும். ஒன்று எழுந்திருக்கவே மறுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

பாலைவனம் என்றால் எப்போதும் வெயில் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஜூலை இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அதற்கும் ஒரு விழா வைத்தார்கள்: 1997 முதல் கம்பளிக் குல்லா திருவிழா, ஜூன் மாதம். ஆயிரக்கணக்கில் கையால் பின்னிய குல்லாக்கள். பாதியைத் தலையில் வைக்க முடியாது, பார்க்கத்தான் முடியும். அதே ஜூனில் ஃபிங்க் பாலைவனப் பந்தயம். மோட்டார் சைக்கிள்களும் பக்கி வண்டிகளும் 230 கிலோமீட்டர் புழுதியில் போய், மறுநாள் அதே புழுதியில் திரும்பி வரும். ஜனங்கள் வழிநெடுகக் கூடாரம் அடித்து, வீட்டு சோபாவைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஜூலை 1 எங்கள் வடக்குப் பிரதேசத்தின் தினம். அன்று மாலை 6 மணியிலிருந்து 11 மணி வரை யார் வேண்டுமானாலும் வெடி வெடிக்கலாம். ஆஸ்திரேலியாவில் மற்ற இடங்களில் இந்த உரிமை கிடையாது. கொஞ்சம் மிச்சம்பிடித்துத் தீபாவளிக்கு ஒளித்து வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தோம். சட்டம் அனுமதிக்காது. ஆகவே ஜூலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடுகிறோம்.

இவ்வளவுக்கும் நாங்கள் நேற்று வந்தவர்கள். ஊருக்கு ம்பார்ன்ட்வா என்று பெயரிட்ட அரெர்ன்டே மக்களின் மரபுப்படி, ஊரைச் சுற்றியுள்ள மலைகளை உருவாக்கியவை ஆதிக் கம்பளிப்பூச்சிகள். 2016-இல் தொடங்கி, இப்போது ஏப்ரல்தோறும் அந்த மலைத்தொடர்மீதே வண்ண ஒளி பாய்ச்சி, அவர்களின் ஓவியங்களையும் கதைகளையும் காட்டும் விழா நடக்கிறது. கட்டணம் இல்லை. இந்த ஊர் செய்தியில் வருவது பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக. 2024-இல் சிறுவர்களுக்கு இரவு ஊரடங்கே போட்டார்கள். அதுவும் உண்மைதான். அதை மட்டும் படித்தவர்கள் எங்களைப் பாவம் என்கிறார்கள். அவர்கள் அந்த மலையடிவாரத்தில் ஓர் இரவு உட்கார்ந்ததில்லை.

டாட் ஆறு ஓடி மூன்று தடவை பார்த்தவன்தான் ஊர்க்காரன் என்று இங்கே ஒரு வழக்கு. வெள்ளம் வந்த சேதி பரவினால் போதும், வேலையைப் போட்டுவிட்டு ஊரே கரையில் போய் நிற்கும். பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் கணக்கில் இன்னும் குறைகிறது. மழை மேகம் கண்டால் என் மனைவி குடை தேடுவாள், நான் கார் சாவி தேடுவேன்.

வர நினைப்பவர்கள் ஆகஸ்டில் வாருங்கள். பகலுக்குத் தொப்பி, ராத்திரிக்குக் கம்பளி, மணலுக்கு நல்ல ஷூ. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. 'சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்' என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். புதுக் கப்பலில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது; புலி வரையத் தெரிந்தால் முன்னுரிமை.