அணையாப் பெட்டி

விண்டோஸ் 95 காலத்தில் கம்ப்யூட்டரை அணைப்பது ஒரு சடங்கு. ஷட் டவுனைச் சொடுக்கிவிட்டுக் காத்திருந்தால், கறுத்த திரையில் ஆரஞ்சு நிற எழுத்தில், இனி அணைத்தால் ஆபத்தில்லை என்று அனுமதி வரும்; அப்புறம் முன்பக்கத்துப் பட்டனை நாமே ‘டக்’கென்று தட்டி, விசிறி ஓய்ந்ததும் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, ஏசி அறைக்கு வெளியே கழற்றிப்போட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினால், அன்றைய வேலை நிஜமாகவே முடிந்திருக்கும். உங்களுக்கும் அந்த ‘டக்’ ஞாபகம் இருக்கலாம்.

பிறகு லேப்டாப் வந்தது, கூடவே பேட்டரி ஜோசியமும். மாதம் ஒருமுறை சுத்தமாக வடியவிட்டு ஏற்றினால்தான் ஆயுசு கெட்டி என்று நிக்கல்-காட்மியம் காலத்துச் சாஸ்திரத்தை லித்தியத்துக்கும் ஓதித் திரிந்தோம். எக்ஸ்பியில் ஷிப்டை அழுத்தினால் ‘ஸ்டாண்ட் பை’ பட்டன் ‘ஹைபர்னேட்’ ஆக மாறும் என்பது எனக்குத் தெரியும், பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியாது. அந்த ஒரு வித்தையில் நான் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தி நடந்த நாட்கள் உண்டு. ஸ்டாண்ட் பையில் ரேமுக்குச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்னேட்டிலோ ரேமில் உள்ளதையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் முழுசாகக் கண்ணயரும் என்று, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விளக்குவேன். “தூங்குறதுக்கு எதுக்குங்க இவ்வளவு பேச்சு?” என்பாள் மனைவி.

அந்த வித்தைக்கு உண்மையான மவுசு வந்தது 2012-இல், சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி கரண்ட் இல்லாத அந்த வருஷத்தில். எந்த மணிக்குப் போகும் என்பது தெருவுக்கே மனப்பாடம் என்பதால், முன்கூட்டியே ஹைபர்னேட் கொடுத்து, டிஸ்க் விளக்கு கடைசியாக ஒருமுறை சிமிட்டி அணைவதைப் பார்த்துவிட்டுத் திண்ணைக்கு வருவேன். ஏற்கெனவே அங்கே பனையோலை விசிறிகளும் ஊர் வம்பும் கூடியிருக்கும். ‘வந்துருச்சு!’ என்று தெருப் பிள்ளைகள் கத்தும்போது, எனக்கு மட்டும் சற்று வருத்தமாக இருக்கும். உள்ளே போய்த் திறந்தால், பாதியில் விட்ட வாக்கியம் கர்சர் துடிக்க அப்படியே நிற்கும், ‘எங்கே போயிருந்தாய்?’ என்று கேட்கிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், அதே 2012-இல்தான் விண்டோஸ் 8-உம் வந்தது. ஹைபர்னேட்டை மெனுவிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தார்கள். ஷட் டவுனையே அரைத் தூக்கமாக்கினார்கள். நம் ஜன்னல்களையெல்லாம் சாத்துகிறது, ஆனால் சிஸ்டத்தின் மூளையை மட்டும் டிஸ்கில் பத்திரப்படுத்தி, மறுநாள் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. இதனால் நேர்ந்த விந்தை, உருப்படியாக அணைய வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்! இன்றைய லேப்டாப்போ மூடிய பிறகும் மெயில் வாங்குகிறது, பைக்குள்ளேயே அப்டேட் தேடிச் சூடாகிறது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் விவேகமும் அதற்கு வந்துவிட்டது, எங்கள் ஜோசியமெல்லாம் வீண். கரண்ட் அநேகமாகப் போவதில்லை. திண்ணையை இடித்துக் கார் நிறுத்துகிறோம். ராத்திரி பதினோரு மணிக்கு வந்த மெயிலுக்குப் பதில் எழுதாமலிருக்க, எனக்கும் சாக்கு கிடைப்பதில்லை.

ஷிப்டுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அதை அழுத்தியபடி ஷட் டவுனைச் சொடுக்குங்கள். உங்கள் மெஷின் பழையபடி முழுசாக அணையும்.