ஆவியாசான்

பிரிட்டனில் ஓரளவு பெரிய ஊர் எதுவாயினும் அதன் கடைவீதியில் மின்சிகரெட் கடை ஒன்றும், அக்கடையில் எதையும் வாங்காமலும் எதையும் விற்காமலும் கல்லாவுக்கு எதிரே உயரமான முக்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரும் இருப்பது ஏறத்தாழ உறுதி. கடைக்காரர் அவரை வாடிக்கையாளர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்; வாடிக்கையாளர்கள் அவரைக் கடைக்காரர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்; அவரோ இவ்விரு சாராருக்கும் மேலானதொரு பீடத்தில், அதாவது ஆசான் பீடத்தில், தம்மைத் தாமே அமர்த்திக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டது; இளமை முழுவதும் சிகரெட் பிடித்து ஒருநாள் அதை விட்டவர்; தாம் விட்டதுபோல் பிறரும் விட வேண்டும் என்னும் உண்மையான இரக்கம் உடையவர். அந்த இரக்கத்திடம் அகப்பட்டுக்கொள்ளும் புதியவர்களின் கதியே ஆராய்ச்சிக்கு உரியது. இவரை ஆவியாசான் என்று குறிப்பிடுவது பொருந்தும்.

ஆவியாசான் திடீரென முளைத்தவர் அல்லர். அவருக்கும் வரலாற்றுப் பின்னணி உண்டு. ஹோன் லிக் என்னும் சீன மருந்தாளர் 2003-ஆம் ஆண்டில் இன்றைய மின்சிகரெட்டுக்கு வடிவம் கொடுத்தார். புகையிலையை எரிக்காமல், நிகோட்டின் கலந்த திரவத்தை ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்வதே அதன் அடிப்படை. இந்த ஆவி தீங்கற்றதன்று, ஆயினும் சிகரெட் புகையைவிடத் தீங்கு குறைந்தது, புகைபிடிக்காதவரும் சிறுவரும் இதன் பக்கமே போகலாகாது என்பது பிரிட்டிஷ் தேசிய சுகாதாரச் சேவையின் நிலைப்பாடு. புகைபிடிப்போர் பத்து லட்சம் பேருக்குத் தொடக்கநிலைக் கருவிகள் வழங்கும் திட்டத்தை இங்கிலாந்தில் அரசே 2023-இல் அறிவித்தது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்ட இந்தியாவில் ஆவியாசானுக்கு வாழ்விடம் இல்லை. இங்கே அவருடைய இனத்தார் கேமரா லென்ஸையோ காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தையோ சார்ந்து காலம் தள்ள வேண்டியவர்களாக இருக்கிறார்கள்.

2025-ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட் கருவிகளின் விற்பனை பிரிட்டன் முழுவதும் தடைசெய்யப்பட்டதிலிருந்து ஆவியாசானுக்கு அறுவடைக் காலம். அதுவரை பொத்தானும் இல்லாமல், திரவம் நிரப்பும் வேலையும் இல்லாமல், இழுப்பதும் எறிவதுமாக இருந்த எளிய மக்கள், திரவம் நிரப்பத்தக்க சிறு பாட் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கருகல் வாடை ஏன் அடிக்கிறது என்ற ஒரேயொரு கேள்வியோடு கடைக்கு வந்து நிற்கிறார்கள். காயிலை மாற்றுங்கள் என்று கடைக்காரர் இரண்டே சொல்லில் விடை தந்துவிடக் கூடும் என்பதால், அவர் வாய் திறப்பதற்குள் ஆவியாசான் முக்காலியிலிருந்து இறங்கிவிடுவார்.

முதற்பாடம் காயிலைப் பற்றியது. காயில் என்பது சுருளாகச் சுற்றப்பட்ட மின்தடைக் கம்பி; அதனோடு ஒட்டிப் பஞ்சுத் திரி ஒன்று இருக்கும்; அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இத்திரி, டேங்க் எனப்படும் சிறு தொட்டியிலிருந்து திரவத்தை இழுத்துக் கொடுக்க, பேட்டரியின் மின்சாரத்தால் சூடேறிய கம்பி அதை ஆவியாக்கும். திரவம் வந்து சேருமுன் கம்பி சூடேறினால் பஞ்சு கருகும். கருகிய அந்த இழுப்புக்கு டிரை ஹிட் என்று பெயர். புதுக் காயிலின் பஞ்சில் சில சொட்டுகளை விட்டு, தொட்டியை நிரப்பிய பின் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் இந்த அவதி நேராது. இவ்வளவும் பயனுள்ள செய்தியே. புதியவர் நன்றி கூறிப் புறப்படவும் இதுவே தக்க தருணம். ஆனால் ஆவியாசான் அதற்குள் பழைய காயிலைக் கழற்றி, காகிதத்தின்மேல் வைத்துப் பிரேதப் பரிசோதனையைத் தொடங்கியிருப்பார். கரிபடிந்த பஞ்சைக் குண்டூசியால் விலக்கிக் காட்டி, மரணத்துக்குக் காரணம் திரவத்தில் உள்ள இனிப்பூட்டி என்று அறிவித்து, மாம்பழச் சுவையை விரும்பிய புதியவரைச் சற்றே குற்றவாளியாக உணரச் செய்த பிறகே அடுத்த பாடத்துக்குச் செல்வார்.

அடுத்த பாடம் இயற்பியல். 1827-இல் கேயார்க் ஓம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் வெளியிட்ட விதி, பள்ளி நாள்களில் ஆவியாசானின் ஒரு காதில் நுழைந்து மறு காது வழியே வெளியேறியது. ஆனால் நாற்பது வயதில் அதே விதி அவருக்கு வேதமாகிவிட்டது. முழுமையாக மின்னேற்றிய லித்தியம் பேட்டரியின் அழுத்தம் 4.2 வோல்ட் என்றும், அதை 1.5 ஓம் தடையுள்ள காயிலோடு நேரடியாக இணைத்தால் ஏறத்தாழ 12 வாட் கிடைக்கும் என்றும், 0.2 ஓம் காயிலோடு இணைத்தாலோ 21 ஆம்பியர் மின்னோட்டமும் ஏறத்தாழ 88 வாட்டும் பாயும் என்றும் அவர் ரசீதின் பின்புறத்தில் கணக்கிட்டுக் காட்டுவார். தடை ஒரு ஓமுக்குக் கீழே இருப்பதைச் சப்-ஓம் என்பது இவ்வுலகின் வழக்கு. ஆவியாசானின் பார்வையில் மனிதகுலமும் ஒரு ஓமுக்கு மேற்பட்டோர், கீழ்ப்பட்டோர் என்று இரண்டாகவே பிரிகிறது. கீழ்ப்பட்டோரே மேலோர் என்பதுதான் இதில் புதியவரைக் குழப்பும் இடம்.

உள்ளிழுக்கும் முறையும் இருவகைப்படும். சிகரெட்டைப் போலவே ஆவியை முதலில் வாயில் நிறுத்திப் பிறகு நுரையீரலுக்கு அனுப்புவது எம்.டி.எல்.; மூச்சை இழுப்பதுபோல் நேரே நுரையீரலுக்கு இழுப்பது டி.டி.எல். திரவத்தின் இரு அடிப்படைப் பொருள்களும் இதற்கேற்ப அமையும். பி.ஜி. எனப்படும் புரொப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது, தொண்டையில் சுருக்கென்று படுவது, வி.ஜி. எனப்படும் தாவரக் கிளிசரின் கெட்டியானது, அடர்ந்த மேகத்தைத் தருவது. இரண்டும் சரிபாதியாக உள்ள திரவம் பாட் கருவிக்கும், வி.ஜி. எழுபது விழுக்காடு உள்ளது சப்-ஓம் டேங்குக்கும் ஏற்றது. மாற்றி ஊற்றினால் ஒன்றில் திரி திரவத்தை இழுக்காமல் கருகும். மற்றொன்றில் திரவம் ஒழுகிச் சட்டைப்பையை நனைக்கும். பாட் கருவிக்குரிய 20 மில்லிகிராம் நிகோட்டின் உப்புத் திரவத்தைப் பெரிய டேங்கில் ஊற்றி இழுத்தவருக்குத் தலை கிறுகிறுத்து உட்கார இடம் தேட நேரும்.

இவற்றையெல்லாம்விட ஆவியாசானுக்கு உவப்பானது சட்டத்தைக் கடந்துசெல்லும் கணக்கு. டேங்கின் கொள்ளளவு 2 மில்லிலிட்டர், நிகோட்டின் கலந்த புட்டி 10 மில்லிலிட்டர், நிகோட்டினின் அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் உச்சவரம்பு கட்டின. நிகோட்டின் கலவாத திரவத்துக்கு அவ்வரம்பு பொருந்தாததால், 60 மில்லிலிட்டர் புட்டியில் 50 மில்லிலிட்டர் வெறுந்திரவத்தை அடைத்து விற்கும் ஷார்ட்ஃபில் என்னும் உபாயம் பிறந்தது. எஞ்சிய இடத்தில், மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிகோட்டின் செறிவுள்ள, நிக் ஷாட் எனப்படும் 10 மில்லிலிட்டர் புட்டி ஒன்றைக் கவிழ்த்தால், மொத்த நிகோட்டின் 180 மில்லிகிராம் அறுபதால் வகுபட்டு, மில்லிலிட்டருக்கு 3 என்று அமையும். ஈவு மீதியின்றி வந்து நிற்கும் அந்தக் கணத்தில் ஆவியாசானின் முகத்தில் தோன்றும் நிறைவு, தேர்தலில் வென்றவர்களிடம்கூட அரிதாகவே காணப்படுவது.

இத்தனைக்கும் பின் வருவது மேம்படுத்தல் என்னும் படலம். பாட் கருவியில் குறையொன்றும் இல்லை என்றுதான் ஆவியாசான் தொடங்குவார். அவர் ஒரு கருவியைப் புகழத் தொடங்கினால் அது கைமாறப்போகிறது என்று பொருள். முதற்படி பாக்ஸ் மாட்: வாட் அளவைக் கூட்டிக் குறைக்கும் சில்லும் சிறு திரையும் கொண்ட பெட்டி, விட்டம் 18 மில்லிமீட்டரும் நீளம் 65 மில்லிமீட்டருமாகையால் 18650 என்று பெயர்பெற்ற பேட்டரிகளை ஏற்பது, ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் விழிப்பதும் மீண்டும் ஐந்து முறை அழுத்தினால் உறங்குவதும் இவ்வகைக் கருவிகள் பலவற்றின் இயல்பு. இரண்டாம் படி ஆர்.டி.ஏ. (RTA): கடைக் காயிலுக்கு மாற்றாகச் சொந்தக் கையால் கம்பி சுற்றிப் பஞ்சு திணிக்கும் டேங்க், இந்தப் படியில் ஏறியவர் சிறு திருப்புளி, இடுக்கி, ஓம் அளவி ஆகியவற்றையும் வாங்குகிறார். மூன்றாம் படி ஆர்.டி.ஏ.வின் தம்பி முறையான டிரிப்பர். இதில் தொட்டியே கிடையாது, சில இழுப்புக்கு ஒருமுறை பஞ்சில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தடித்த கம்பியின்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிக் கித்தார் தந்தி வடிவில் செய்து, கித்தார் மேதை எரிக் கிளாப்டனின் பெயராலேயே வழங்கும் கிளாப்டன் காயிலை இந்நிலையில்தான் சீடர் சுற்றக் கற்கிறார். எதையும் எரிக்காமல் இரண்டு இழுப்பு இழுக்க விரும்பி வந்தவர், பட்டறைத் தொழிலாளியாக மாறிய வரலாறு இது.

ஆயினும் ஆவியாசானை வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. மேலுறை கிழிந்த பேட்டரியைக் கண்டால் அவர் விளையாட்டை அக்கணமே நிறுத்திவிடுவார். தனிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டால் குறுக்கிணைப்பு ஏற்பட்டுத் தீப்பற்றும் என்று எச்சரித்து, பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தம் பையிலிருந்தே இலவசமாக எடுத்துக் கொடுப்பார். சில்லும் பாதுகாப்பும் இன்றிப் பேட்டரியை நேரே காயிலோடு இணைக்கும் மெக்கானிக்கல் மாட் வேண்டுமென்று துள்ளும் இளைஞனிடம், ஓமின் விதியைத் தூக்கத்திலும் ஒப்பிக்கத் தெரியாதவன் அதைத் தொடலாகாது என்று கண்டிப்பாகச் சொல்வார். புகைபிடிக்காத ஒருவர் மேகத்தின் அழகில் மயங்கிக் கருவி கேட்டால், உமக்கு இது எதற்கு என்று வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவார். கடைக்காரர் அவர்மேல் உண்மையாகவே வருந்தும் வேளை அது ஒன்றுதான்.

அவருடைய இல்வாழ்க்கையைப் பற்றியும் ஓரிரு செய்திகள் உண்டு. துணிகள் இருக்க வேண்டிய அலமாரியின் இருட்டில், ஸ்டீப்பிங் என்னும் ஊறவைப்பு முறைப்படி, கஸ்டர்டு சுவைத் திரவப் புட்டிகள் தேதியிட்ட சீட்டுகளோடு வாரக்கணக்கில் முதிர்ந்துகொண்டிருக்கும். சிகரெட்டை விட்டால் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு போக உத்தேசித்திருந்த ஸ்பெயின் நாட்டுப் பயணம், கண்ணாடிக் கதவிட்ட பெட்டி ஒன்றில் உலோகக் குழல்களாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலுள்ளோர் ஒருகாலத்தில் சாம்பல் கிண்ணத்தைப் பற்றிக் குறைகூறினார்கள். இப்போது பஞ்சுத் துணுக்கையும் கம்பி நறுக்கையும் பற்றிக் கூறுகிறார்கள்.

ஆவியாசானின் மாணாக்கர் மூவகையினர். காயிலை மட்டும் மாற்றிக்கொண்டு, மற்ற அனைத்துக்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவர் கடைநிலையினர். அவர்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. எல்லாப் படிகளிலும் ஏறி, ஓரிரு ஆண்டில் தாமும் ஒரு முக்காலியைப் பிடித்து, பஞ்சை எவ்வளவு இறுக்கித் திணிக்க வேண்டும் என்பதில் ஆசானையே மறுத்துப் பேசுகிறவர் தலைநிலையினர். அவர்களோடு அவர் பேசுவதில்லை. இவ்விருவருக்கும் இடைப்பட்டவர், நிகோட்டினை 18 மில்லிகிராமிலிருந்து 12 என்றும் 6 என்றும் 3 என்றும் மெல்ல மெல்ல இறக்கி, இறுதியில் சுழியத்துக்கே வந்து, இனி எதுவும் தேவையில்லை என்று கருவிகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து ஆசானிடமே ஒப்படைத்துவிடுகிறவர். சுகாதாரத் துறையின் திட்டமும், முதல் நாள் முதற்பாடத்துக்கு முன்னுரையாக ஆவியாசான் கூறிய சொற்களும், இப்படி ஒருவர் உருவாக வேண்டும் என்றே வகுக்கப்பட்டவை. ஆவியாசான் அந்தப் பையை வாங்கிக்கொண்டு, விட்டவரின் கையை மனமாரக் குலுக்கி, அவர் தெருமுனையைக் கடந்ததும் கடைக்காரரிடம் திரும்பிப் பெருமூச்சோடு கூறுவார்: "நல்ல கைராசிக்காரர், கிளாப்டன் சுற்றும் அளவுக்கு வந்திருப்பார், பாவம், பாதியிலேயே படிப்பை நிறுத்திவிட்டார்."